மூன்றாம் ஓலைக்கு முன்னால்

அப்பு,

இதை நீ படிக்கமாட்டாய். உன் போன் உனக்குப் படித்துக் காட்டும். யாரோ ஒரு பெண்ணின் குரலில், எல்லா வாக்கியத்தையும் ஒரே உயரத்தில் வைத்துப் படிக்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது. என் குரலில் கேட்டால் நான் எங்கே தயங்குகிறேன் என்று உனக்குத் தெரிந்துவிடும். அந்தப் பெண் எங்கேயும் தயங்கமாட்டாள்.

போன வாரம் போனில் ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, அன்னிக்கு நீ எந்தச் சாமியாரைப் பாத்தே?" கடையில் ஆள் நிற்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். கடையில் யாரும் இல்லை. பேக்கரிக்காரர் தன் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். நான் கண் பவர் பார்க்கிற ட்ரையல் பெட்டியைத் திறந்து, வரிசையாக இருந்த கண்ணாடிகளை எடுத்துத் துடைத்து, மறுபடி அதே வரிசையில் வைத்தேன். அந்தக் கேள்விக்குத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

இதை மற்றவர்களும் படிப்பார்கள். நான்தான் கொடுக்கப் போகிறேன். உன் மாமன் மகளுக்கு இங்கே அமலா என்று வேறு பெயர் வைத்திருக்கிறேன். என் அண்ணனை மாமன் என்றே சொல்கிறேன். வீட்டு விஷயம் ஊருக்கு எதற்கு என்று நீ கேட்கலாம். மாமனைப் பற்றி நாங்கள் சொன்ன பொய்யை ஊர்தான் கேட்டது. அந்தப் பொய்யைத் திரும்ப வாங்குவதென்றால் ஊரிடம்தான் வாங்க வேண்டும்.

அமலாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை நெய்க்காரப்பட்டி. நம் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பங்குச் சாமியார் பெயர்களை வாசித்து, தடை ஏதும் அறிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று கேட்பார். ஓலை வாசிப்பது என்போம். உனக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு ஓலை ஆகிவிட்டது. வருகிற ஞாயிறு மூன்றாவது. அதற்கு முன் உனக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும்.

*

நம் கடை எட்டடி அகலம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மெடிக்கலுக்கும் ஒரு பேக்கரிக்கும் நடுவில். உன் அப்பா ஆரம்பித்த மூக்குக் கண்ணாடிக் கடை. அவர் போனபிறகு ஒன்பது வருடமாக நான் பார்க்கிறேன். பௌதிகம் படித்தவள். ஒளி எப்படி வளைகிறது, லென்ஸ் எங்கே குவிக்கிறது என்பதெல்லாம் எனக்குப் பாடம். அதனால் கண் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

போன வருடம் ஈஸ்டருக்கு நீ கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாய். பம்ப் கம்பெனியில் படம் வரைகிற வேலை, நாள் முழுக்கக் கம்ப்யூட்டர். மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்து கடையில் உட்கார்ந்தாய். "அம்மா, வலது கண்ணுல நடுவுல ரப்பர் வச்சு அழிச்ச மாதிரி இருக்கு" என்றாய். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பவர் ஏறியிருக்கும் என்றேன். வட்டக் கண்ணாடிகளைச் செருகிப் பார்க்கும் அந்தக் கனத்த ஃபிரேமை உன் மூக்கில் மாட்டினேன். ஒவ்வொரு கண்ணாடியாகச் செருகினேன். இது நல்லா இருக்கா, இதுவா. முதலதா, ரெண்டாவதா. கடைக்கு வருகிற எல்லோரிடமும் கேட்கிற அதே கேள்வி, அதே வேகம்.

"மங்கலா இல்லம்மா. ஓரத்துல இருக்கிற எழுத்து தெரியுது. நான் எதைப் பாக்கிறேனோ அது மட்டும் காணாமப் போகுது."

"அப்ப பாக்காம இரு. தெரியும்."

இரண்டு பேரும் சிரித்தோம். கால் பவர் கூட்டி எழுதினேன்.

அன்று சாப்பாட்டில் வறுத்த மிளகாய் வத்தலை எடுத்துப் பார்த்து, இடது கண்ணை மூடிக்கொண்டு, "இது ஏன் பழுப்பா இருக்கு?" என்றாய். கடைக்காரன் பழசைத் தள்ளிவிட்டான் என்றேன். சிவப்புத்தான் முதலில் போகும் என்பது எனக்குத் தெரியாது. பௌதிகத்தில் அது இல்லை. இரண்டு மாதத்தில் உனக்கு மூன்று கண்ணாடி செய்து கொடுத்தேன். மூன்றும் நல்ல ஃபிரேம். மூன்றும் இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. கடைக்குப் பிள்ளைகளைக் கூட்டிவருகிற அம்மாக்களுக்கு இதை எழுதி ஒட்டலாம் என்று நினைக்கிறேன்: எழுத்து மங்கலாக இருந்தால் இங்கே வாருங்கள். எழுத்தே காணாமல் போனால் இங்கே வந்து நேரத்தைக் கழிக்காதீர்கள்.

அப்புறம் ஒரு காலை நீ போன் செய்தாய். "அம்மா, இடதும்."

அவ்வளவுதான் சொன்னாய். இடதும் என்ன என்று நான் கேட்கவில்லை.

*

மதுரையில் அந்த டாக்டர் என்னைவிட இருபது வயது சின்னவள். கண் நரம்புக்கென்றே படித்தவள். உன்னைப் பக்கத்து அறைக்குப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு என்னை உட்காரச் சொன்னாள். "கண்ணுல ஒண்ணும் இல்லீங்கம்மா. லென்ஸ் நல்லாயிருக்கு. உள்ள இருக்கிற திரையும் நல்லாயிருக்கு. அங்கருந்து மூளைக்குப் போற நரம்பு வாடிக்கிட்டு வருது."

என் கல்லூரிப் புத்தகத்தில் அந்த நரம்பு இரண்டு சின்னக் கோடுகள். கண்ணின் பின்னாலிருந்து புறப்பட்டு, அரை விரல் தூரம் போய், ஓர் அம்புக்குறியோடு நின்றுவிடும். பக்கத்தில் 'மூளைக்கு' என்று போட்டிருக்கும். பரீட்சையில் அந்தப் படத்தை வரைந்து முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அம்புக்குறிக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. உன் அப்பா நடத்திய கடையும், நான் நடத்துகிற கடையும், அந்தக் கோடுகளுக்கு முன்னால் முடிந்துவிடுகின்றன.

"உங்க பக்கத்துல யாருக்காவது, வாலிப வயசுல இப்படிப் போயிருக்கா?"

"எங்க அண்ணனுக்கு. ஆனா அது குடிச்சு."

"என்ன வயசுல?"

"இருபத்தி நாலு."

"ஒரு கண்ணு போயி, கொஞ்ச நாள் கழிச்சு இன்னொண்ணா?"

"ஆமா."

"வலி?"

"இல்லைன்னுதான் சொன்னாரு."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அவர் குடிச்சாருன்னு யாரும்மா சொன்னது?"

யார் சொன்னது. யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் எல்லோரும் சொன்னோம். முதலில் சொன்னது யார் என்று ஞாபகம் இல்லை.

ஒரு தாளை எடுத்து வரைந்தாள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். ஒரு கட்டத்தைக் கறுப்பாக நிரப்பினாள், அது மாமன். கீழே இன்னொரு கட்டம், அதையும் நிரப்பினாள், அது நீ. "அண்ணனுக்குப் பிள்ளைங்க?" ஒரு பெண் என்றேன். ஒரு வட்டம் போட்டு வெறுமையாக விட்டாள். "இந்தப் பொண்ணுக்கு வராது. இது ஆம்பிளை வழியா இறங்கவே இறங்காது. அம்மாகிட்டருந்து மட்டும்தான் வரும்." பிறகு உனக்கு மேலே ஒரு வட்டம் போட்டாள். அதன் நடுவில் ஒரு புள்ளி வைத்தாள். பேனாவை அழுத்தித் திருகி வைத்தாள். "இது நீங்க. உங்களுக்கு ஒண்ணும் செய்யலை. ஆனா உங்ககிட்ட இருக்கு."

வட்டத்துக்கு நடுவில் புள்ளி. பார்க்கக் கண் மாதிரி இருந்தது.

அக்கா தங்கச்சி இருக்காங்களா என்று கேட்டாள். இல்லை. வேற பிள்ளைகள்? இல்லை. "அப்ப உங்களோட நிக்குது" என்றாள், ஆறுதலாக. மாத்திரை எழுதினாள். ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம் என்று எழுதாமல் வாயால் சொன்னாள். ரத்தப் பரிசோதனையும் அவள் சொன்னபடியே வந்தது.

வெளியே வந்ததும் நீ கேட்டாய், என்ன சொன்னாங்க என்று. பரம்பரை, உன் பிள்ளைக்கு வராது, என்றேன். இரண்டும் உண்மை. யாருடைய பரம்பரை என்று நீ கேட்கவில்லை. மாமனை நினைத்துக்கொண்டாய் என்று எனக்குத் தெரிந்தது. நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தத் தாளை நான்காக மடித்துப் பைபிளுக்குள் வைத்தேன். பத்து மாதம் அது அங்கேயே இருந்தது.

*

மாமனைப் பற்றி உனக்கு நாங்கள் சொன்னது ஒரு கதை. லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி ஒரு வருடம். திடீரென்று எதிரே வருகிற வண்டியின் நடுப்பகுதி தெரியவில்லை என்று நாமக்கல் ரோட்டில் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு, க்ளீனரை ஓட்டச் சொல்லி வீட்டுக்கு வந்தார். மூன்று மாதத்தில் இரண்டு கண்ணும். கள்ளச்சாராயம் குடித்தால் கண் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். வாலிபன், லாரிக்காரன். வேறு என்ன காரணம் வேண்டும். பைபிள்மேல் கை வைத்து, தொட்டதில்லை என்று சத்தியம் செய்தார். எங்கள் அம்மா அந்தப் பைபிளைப் பிடுங்கி, "குடிச்சுட்டுப் புத்தகத்தைத் தொடாதடா" என்று மாடத்தில் வைத்தார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். எனக்கு இருபது வயது. பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன்.

அவர் நாகல் நகரில் மாவு மில் வைத்தார். சத்தத்தைக் கேட்டுக் கல் இறுகியிருக்கிறதா என்று சொல்வார். மாவை விரலில் தேய்த்துப் பக்குவம் சொல்வார். யாரையும் நேராகப் பார்க்கமாட்டார், தலையைத் திருப்பிக்கொண்டு பேசுவார். குடிகாரனுக்கு எங்கே முகம் கொடுத்துப் பேச வரும் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எதிரில் நிற்கிறவரின் முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் அவர் முகத்தைத் திருப்பினார் என்பது, உனக்கு வந்தபிறகுதான் எனக்குப் புரிந்தது. முப்பது வருடம் அவர் எங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மூன்று வருடத்துக்கு முன், கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், தனியாக நம் வீட்டுக்கு வந்தார். இரண்டு சீப்பு வாழைப்பழம். நீ கோயம்புத்தூருக்குத் திரும்பியிருந்தாய். "என்னத்தா, பிள்ளைகளுக்குள்ள இஷ்டம் இருக்கு போல. மொறைதானே. நீ ஒரு வார்த்தை சொன்னா நான் போய்ச் சாமியாரைப் பாத்துருவேன். நெருங்கின சொந்தம்ங்கிறதால மேல ஆயருக்கு எழுதி அனுமதி வாங்கணுமாம்."

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணே, எனக்குப் பேரப்பிள்ளைக கண்ணோட பொறக்கணும்."

அவர் தலையைத் திருப்பினார். பிறகு, "குடிச்சுத்தான் போச்சுன்னு நீங்கதானத்தா சொன்னீங்க. குடிச்சது எப்படிப் பிள்ளைக்குப் போகும்?" என்றார்.

இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது என்று எனக்குத் தெரியாதா. ஊருக்குச் சொல்லும்போது அது குடி. பெண் கேட்டு வந்தபோது அது ரத்தம். எனக்கு எந்த நேரத்தில் எது வசதியோ அது. அவர் எழுந்தார். "பழத்தை வச்சுட்டுப் போறேன். பழத்துல ஒண்ணும் ஒட்டாது" என்றார். படியில் கால் வைத்துத் தேடி இறங்கினார். நான் கை கொடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் உனக்குப் போன் செய்தேன். "சாமியாரைப் பாத்தேன் அப்பு. இம்புட்டு நெருங்கின சொந்தத்துக்கு மேல அனுமதி கிடைக்காதாம். முடியாதுன்னுட்டார்." நீ ஒன்றே ஒன்று கேட்டாய். "கெஞ்சிப் பாத்தியாம்மா?" கெஞ்சிப் பார்த்தேன் என்றேன்.

நான் எந்தச் சாமியாரையும் பார்க்கவில்லை.

நீ மாமனிடமும் போய்க் கேட்டிருக்கிறாய். அவருக்கு உண்மை தெரியும். ஒரு வார்த்தையில் என்னை உன் முன்னால் நிறுத்தியிருக்கலாம். "ஆமா மாப்ளே, அப்படித்தான் சொல்றாங்க. விட்டுரு" என்றாராம். தன் மகளிடமும் அதையே சொல்லியிருக்கிறார். அவர்மேல் நாங்கள் சொன்ன பொய்யை முப்பது வருடம் மறுத்துக்கொண்டிருந்த மனிதர், எனக்காக என் பொய்யைத் தானும் ஒரு தடவை சொன்னார்.

*

முதல் ஓலை வாசித்து மூன்றாம் நாள் அமலா கடைக்கு வந்தாள். ஸ்கூட்டியை வெளியே நிறுத்தி, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். உட்காரவில்லை.

"அத்தை, அத்தானுக்கு வந்திருக்கிற வியாதிக்கு என்ன பேரு?"

"எதுக்குக் கண்ணு?"

"ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க. மாப்பிள்ளை வீட்டுல கேக்குறாங்க. அப்பாவுக்கும் போச்சு, அத்தை மகனுக்கும் போச்சு, அடுத்து யாருக்குன்னு. ரெண்டாவது ஓலையை நிறுத்தி வைக்கச் சொல்லிட்டாங்க."

பவர் எழுதும் சீட்டில் எழுதினேன். பெரிய பெயர், இரண்டு வரி வந்தது. வாங்கிப் படித்தாள். மடித்தாள். அப்புறம், என்னைப் பார்க்காமல், "இது எனக்கு வருமா?" என்றாள். அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வந்திருந்தாள் என்று அப்போதுதான் தெரிந்தது. தன் பிள்ளைகளைப் பற்றியும் சேர்த்துத்தான் கேட்டாள்.

"வராது. உனக்கும் வராது, உன் பிள்ளைகளுக்கும் வராது."

"எப்படித் தெரியும்?"

"மதுரை டாக்டர் சொன்னாங்க."

"எப்ப?"

நான் கண்ணாடி துடைக்கிற துணியை மடித்தேன்.

"எப்பச் சொன்னாங்க, அத்தை?"

அவள் கத்தியிருக்கலாம். பேக்கரியில் ஆட்கள் இருந்தார்கள், கேட்டிருக்கும், கேட்டிருக்க வேண்டும். அவள் தண்ணி இருக்கா என்று கேட்டாள். பாட்டிலை அண்ணாந்து குடித்தாள், வாயைத் துடைத்துக்கொண்டாள், போய்விட்டாள். சீட்டை எடுத்துக்கொண்டுதான் போனாள்.

மறுநாள் கடையைப் பூட்டினேன். பைபிளிலிருந்து தாளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு பழனி பஸ் ஏறினேன். பஸ் நிறைய மொட்டையடிக்கப் போகிற குழந்தைகள். எனக்கு எதிர் சீட்டில் ஒரு குழந்தை ஜன்னலில் போகிற எல்லாவற்றையும் விரல் நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தது. மாடு. லாரி. மலை. ஒன்றையும் விடவில்லை.

நெய்க்காரப்பட்டியில் அவர்கள் வீட்டு வாசலில் மக்காச்சோளம் காயப்போட்டிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, மாப்பிள்ளை. அமலாவின் அத்தை என்றேன். வாங்க என்று சொல்லி நாற்காலி போட்டார்கள். தாளை விரித்துக் காட்டினேன். இந்தக் கறுப்பு எங்க அண்ணன். இந்தக் கறுப்பு என் மகன். இந்த வெள்ளை உங்க மருமகள். மாப்பிள்ளை குனிந்து பார்த்தான். "இந்தப் புள்ளி வச்ச வட்டம் யாருங்க?" என்றான்.

"அது நான்."

அவன் அம்மா தாளைப் பார்க்கவேயில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க, நான் படிக்காதவ. இந்த வட்டமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. ஒண்ணுதான் கேக்கோணும். பொண்ணு மேல ஒரு கொறையும் இல்லீன்னா, அண்ணன் பொண்ணு, மொறைப் பொண்ணு, நீங்களே எடுத்திருக்கலாமில்லீங்க?"

"ஏ, சும்மா இரு" என்றார் அவர் கணவர்.

"நீங்க இருங்க. பொம்பளைக்குப் பொம்பளை கேக்கறேன்."

பஸ்ஸில் வரும்போது எல்லாவற்றுக்கும் பதில் யோசித்து வைத்திருந்தேன். இதற்கு இல்லை. சாமியார் அனுமதி தரவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. பழகிய பொய், சுலபமாக வரும்.

"எங்க அண்ணன் வந்து கேட்டாருங்க. நான்தான் வேண்டாம்னேன். எனக்குப் பேரப்பிள்ளைக கண்ணோட பொறக்கணும்னு சொன்னேன். கண்ணு போற வழி நான்தான்னு அன்னிக்கு எனக்குத் தெரியாதுங்க."

ஒரு கோழி சோளத்தின் ஓரத்தைக் கொத்த வந்தது. அதை விரட்டிவிட்டு அந்த அம்மா சொன்னார்: "அன்னைக்கு நீங்க சொன்னதைத்தானுங்களே இன்னைக்கு நானும் சொல்லீட்டு இருக்கறேன்."

ஆமாம். அதே வார்த்தை. பேரப்பிள்ளை. கண்ணு. அவர் மோசமானவர் இல்லை, அப்பு. தன் மகனுக்காகப் பயந்த ஓர் அம்மா. நானும் மோசமானவள் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் இருந்தேன். பயம் எங்கள் இரண்டு பேரிடமும் ஒரே மாதிரிதான் பேசியிருக்கிறது.

கிளம்பும்போது மாப்பிள்ளை கேட்டான்: "இந்தப் பேப்பரை நான் வச்சுக்கலாமுங்களா?" கொடுத்துவிட்டேன். பழனியில் ஒரு டாக்டரிடம் காட்டினானாம். போன ஞாயிறு, ஒரு வாரம் தள்ளி, இரண்டாம் ஓலை வாசித்தார்கள். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். பெயர்களை வாசித்து முடித்ததும், எனக்கு முன்னால் இருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது கேட்டது: "கண்ணாடிக் கடைக்காரி. ஊருக்கெல்லாம் கண்ணு டெஸ்ட் பண்ணுவா." கேட்கட்டும் என்றுதான் சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள்.

*

மாமனிடம் அதற்கு முன்பே போனேன். நெய்க்காரப்பட்டியிலிருந்து வந்த அன்றே, நேரே மில்லுக்கு. மில் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னேன். நின்றபிறகு அங்கே அவ்வளவு அமைதி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"நரம்பா?" என்றார்.

"ஆமாண்ணே."

"குடிச்சதில்லை?"

"இல்லைண்ணே."

"உங்கிட்டருந்து வந்ததா?"

"அம்மாகிட்டருந்து. உனக்கும் எனக்கும். எங்கிட்டருந்து அவனுக்கு."

விரல் நுனியில் மாவைத் தேய்த்துக்கொண்டேயிருந்தார். பக்குவம் பார்ப்பது மாதிரி. "அம்மா இருந்தா அதுகிட்டச் சொல்லலாம்" என்றார். "சாகும்போதுகூட என் கையைப் பிடிச்சுக்கிட்டு, இனியாவது குடிக்காதடான்னுதான் சொல்லுச்சு. சரிம்மா, குடிக்கலைன்னேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. இதுவரை சொல்லவில்லை. சொல்லாமலே இருக்கலாம். அவர் பேசியது உன்னைப் பற்றித்தான். "மாப்ளை எதையும் நேராப் பாத்துப் பாத்துத்தான் எரிச்சல் படுவான். நானும் ரெண்டு வருசம் அப்படித்தான் கிடந்தேன். மூஞ்சி தெரியணும்னா மூஞ்சியைப் பாக்கக் கூடாது. காதுக்குப் பக்கத்துல பாக்கணும். ஓரத்துல மூஞ்சி வந்து நிக்கும். முழுசா வராது. ஆளு யாருன்னு தெரியும்." பிறகு, "வரச் சொல்லுத்தா" என்று சொல்லிவிட்டு மில்லைப் போட்டார். சத்தத்தில் மேற்கொண்டு பேச முடியாது.

பாக்காம இரு, தெரியும். அன்று கடையில் நான் சிரிப்புக்குச் சொன்னது.

அமலா ஒன்று சொல்லச் சொன்னாள். அவள் வார்த்தையிலேயே தருகிறேன், என் பங்குக்கு எதையும் சேர்க்காமல். "அத்தானுக்குத் தெரியணும்னா எல்லாத்தையும் சொல்லுங்க. ஆனா நான் காத்துக்கிட்டு இருந்தேன்னு மட்டும் சொல்லிறாதீங்க. நான் காத்துக்கிட்டு இல்லை. இவரைப் பிடிச்சுத்தான் சரின்னேன்." உனக்கு இது வலிக்கும். எனக்கும் வலித்தது. நான் செய்ததைத் திருப்பிச் செய்துவிடலாம் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்திருந்தேன் போலிருக்கிறது. முடியாது. அவள் நம்மைத் தாண்டிப் போய்விட்டாள். நல்ல பெண், நல்ல இடத்துக்குத்தான் போகிறாள். அந்த மாப்பிள்ளை தாளைப் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்ததைப் பார்த்தேன்.

உனக்குச் சொல்ல என்னிடம் அறிவுரை என்று அதிகம் இல்லை. பயந்துபோய் ஒன்றைச் சொன்னால், பயந்துதான் சொல்கிறேன் என்று சேர்த்துச் சொல். உனக்கு என்ன நடந்தது என்று உனக்கே தெரியும்போது, யார் வேறு காரணம் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதே, அது உன்னைப் பெற்றவளாக இருந்தாலும். உன் மாமன் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதுதான் கடைசியில் உண்மையாக இருந்தது. நீ ஒரு நாள் கல்யாணம் செய்துகொண்டால், உன் குழந்தைகளுக்கு இது வராது. டாக்டர் சொன்ன ஆறுதல்களில் இது ஒன்றைத்தான் நான் முழுசாக வைத்திருக்கிறேன். அந்தப் புள்ளி என்னோடு நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசையில் மூன்றாம் ஓலை. இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமை உன் போனுக்கு வந்துவிடும். வேண்டுமென்றே முன்னால் அனுப்புகிறேன். கல்யாணம் முடிந்தபிறகு அனுப்பியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு தடவை உன்னைக் கேட்காமல் உன் வாழ்க்கையில் முடிவெடுத்தேன், இன்னொரு தடவை வேண்டாம். தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார்கள். எனக்குத் தெரிந்த தடை ஒன்றுதான் இருந்தது. அது நான். நீ வந்து என்ன செய்யலாம், செய்யக்கூடாது என்று நான் சொல்லப்போவதில்லை. மாமன் உன்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

வருவதானால் சனிக்கிழமை மத்தியான பஸ்ஸில் வா. பஸ் ஸ்டாண்டில் நிற்பேன், கோயம்புத்தூர் பஸ் வந்து நிற்கிற இடத்தில், ஆரஞ்சு ஜூஸ் கடைக்குப் பக்கத்தில். நீ இறங்கும்போது கூப்பிடமாட்டேன். கூட்டத்தில் நீ என்னை நேராகப் பார்த்தால் அங்கே சேலை இருக்கும், கை இருக்கும், பை இருக்கும். முகம் இருக்காது. என் முகம் வேண்டுமென்றால் கொஞ்சம் தள்ளி, என் காதுக்குப் பக்கத்தில் பார்.

வேண்டாமென்றால் நேராகப் பார். நான் அப்படியே நிற்கிறேன்.

அம்மா